பொடியாகாத குண்டு

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

புது உலையை இன்று பற்றவைத்தோம். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சை நசுக்கி, உலை முகப்பில் சந்தனம் குங்குமம் வைத்து, முதலாளி நாச்சிமுத்து கையாலேயே பட்டன் அமுக்கினார். பழைய உலை ஒரு பீரோ அளவுதான் இருக்கும். இது லாரிப் பெட்டி நீளம். கோயமுத்தூரில் இந்தத் தொழிலில் இவ்வளவு பெரிய உலை வேறு யாரிடமும் இல்லை என்று முதலாளி நாலு தடவை சொன்னார்.

நாங்கள் செய்வது பொடிக்குண்டு. செம்புத் தூளையும் வெள்ளீயத் தூளையும் அச்சில் அழுத்தி, உலையில் பதமாக வேகவைத்தால் வருவது. துப்பாக்கிக் குழலைத் தாண்டும்வரை முழுசாக இருக்க வேண்டும். இரும்புத் தகட்டில் பட்டதும் மாவாக உதிர வேண்டும். போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பிள்ளைகள் தகட்டுக்குப் பத்து மீட்டர் முன்னால் நின்று ரைஃபிளில் சுடுகிறார்கள். வெந்தது அதிகமாகிக் குண்டு இறுகிவிட்டால் உதிராது, சில்லாகத் திரும்பி வரும். அப்படி வராது என்று சுட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் சுபேதார் (ஓய்வு) குழந்தைவேலுவாகிய என் உத்தியோகம். இருபத்தெட்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவனுக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் பொறுப்பான வேலை.

வழக்கம்போல முதல் தட்டை சாமி படத்துக்கு முன் வைத்துக் கற்பூரம் காட்டினோம். பிறகு நானே இரண்டு கையாலும் ஏந்திப்போய் உலையில் வைத்தேன். சாமித் தட்டு கடைசியாக உள்ளே போகும், கதவோரம் உட்காரும், முதலாவதாக வெளியே வரும். சோதனைக்குக் குண்டுகள் எடுப்பதும் அதிலிருந்துதான். என் கையால்தான். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இந்த வழக்கத்தை மாற்றியதில்லை.

அக்டோபர் 9, வியாழன்

புதிதாக ஒரு இன்ஜினியர் பெண் வந்திருக்கிறாள். மிருதுளா. திருச்சிப் பக்கம். உலோகப் படிப்பு படித்தவளாம். வந்த மூன்றாம் நாளே என் சோதனைக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டாள்.

"எல்லா சாம்பிளும் இந்தத் தட்டுல இருந்தே எடுக்கறீங்களே, ஏன் சார்?"

"சாமிக்கு வெச்ச தட்டு, அம்மிணி. குறையிருக்கறத சாமி முன்னால வெப்பமா?"

"அதுக்காகப் பார்த்துப் பார்த்து அடுக்குவாங்களா?"

"பின்னே? ஓரம் பிசிறில்லாத குண்டாப் பொறுக்கி வெக்கறாங்கோ. அச்சு மிஷின் பொம்பளைகளுக்கு அது ஒரு பக்தி."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குச் சண்டை போடாத ஆட்களை நான் நம்புவதில்லை. மனதுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

சோதனை. சில்லு பறந்தால் தெரியும்படி தகட்டைச் சுற்றி அட்டை கட்டினேன். பத்துக் குண்டு சுட்டேன். எல்லாம் மாவு. தூளைப் பிரஷ்ஷால் கூட்டிச் சலித்தேன். சல்லடையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. அட்டையில் ஒரு பொத்தல் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெட்டிகள் பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பின.

சரோஜினிக்கு மறுபடியும் முழங்கால் வலி. தைலம் வாங்க மறந்துவிட்டேன். திட்டு வாங்கினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிப் பலகாரம் வயிற்றைக் கெடுத்துவிட்டது. ஓய்வு.

அக்டோபர் 28, செவ்வாய்

பயிற்சிப் பள்ளி இன்ஸ்பெக்டர் போன் செய்திருக்கிறார். தகட்டுக்கு எதிரே இருந்த மரச் சட்டத்தில் ஒரு சில்லு குத்தி நின்றதாம். சுண்டுவிரல் நகம் அளவு. யாருக்கும் காயமில்லை. முதலாளி முகம் செத்துப்போனது.

அதே தொகுதியின் சாமித் தட்டில் மிச்சம் வைத்திருந்த குண்டுகளை எடுத்து உடனே சுட்டேன். ஒவ்வொன்றும் மாவு. என் சோதனையில் குற்றமில்லை. அப்படியானால் என் கையெழுத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பழைய உலை இருந்த காலத்தில் ஒரு புகார் வந்ததில்லை. இந்த மாதம் புதிதாக வந்தவை இரண்டு. ஒன்று உலை, அதற்கு வாயில்லை. இன்னொன்றுக்கு வாய் இருக்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

உலைக்காரர் ரத்தினம் டீக்கடையில் மெல்லச் சொன்னார். "சொல்றதா வேண்டாமான்னு இருந்தேனுங்க. அந்தப் புள்ள உலைக்குள்ள கோடில இருக்கற கடைசித் தட்டுல இருந்து ஒரு கைப்பிடி குண்டு எடுத்துப் பைக்குள்ள போட்டுட்டுப் போச்சுங்க. எதுக்குன்னு கேட்டேன். சும்மா பாக்கறதுக்குன்னு சொல்லுச்சு."

எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது. பீளமேட்டில் நம்முடைய போட்டிக் கம்பெனி ஒன்று இரண்டு வருடமாக இந்த ஆர்டருக்கு அலைகிறது. ஒரு கைப்பிடி குண்டு அவர்கள் கைக்குப் போனால் போதாதா? அதோடு, எடுத்தவள் திருப்பி எதையாவது வைக்காமலா இருந்திருப்பாள்?

யாராவது திறந்தால் விழட்டும் என்று என் அலமாரிக் கதவிடுக்கில் ஒரு நூல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அக்டோபர் 31, வெள்ளி

நூல் அப்படியே இருந்தது. கெட்டிக்காரி.

நவம்பர் 3, திங்கள்

இன்று தட்டுகளில் எல்லாம் சாக்பீஸ் எண். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. சாமித் தட்டிலும் போட்டிருந்தாள். சந்தனப் பொட்டுக்குப் பக்கத்திலேயே சாக்பீஸ்! எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. யாரைக் கேட்டுச் செய்தாய் என்று கத்தினேன். அச்சு மிஷின் பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "சார், ஒரே ஒரு தடவை கடைசித் தட்டுல இருந்து பத்து குண்டு சுட்டுப் பாருங்க. நான் பக்கத்துலகூட வரமாட்டேன். நீங்களே எடுங்க, நீங்களே சுடுங்க."

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். கடைசித் தட்டில்தான் அவள் கை வைத்தாள் என்று ரத்தினம் சொல்லியிருக்கிறார். அங்கே இறுகின குண்டைக் கலந்து வைத்துவிட்டு, என்னையே சுடவைத்து, என் கையாலேயே "பொடியாகவில்லை" என்று எழுத வைக்கப் பார்க்கிறாள். நான் எல்லையில் பார்க்காத பொறியா?

"சாமிக்கு வெச்சதத்தான் சுடுவேன்" என்று சொல்லிவிட்டேன்.

"சாமிக்கு வெச்சத யாரும் பெட்டியில போட்டு அனுப்பலியே சார்" என்றாள். வாய்க்கொழுப்பு.

நவம்பர் 6, வியாழன்

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பிடி குண்டு, சாக்பீஸ், கடைசித் தட்டு. அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். குண்டு எடுத்ததை ஒத்துக்கொண்டாள். படித்த கல்லூரியில் கொடுத்து அறுத்துப் பார்க்கச் சொன்னாளாம், பதில் வர இன்னும் பத்து நாள் ஆகுமாம். கம்பெனிச் சரக்கை அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோனது ஒன்றே போதும் என்று முதலாளி அவளை நிறுத்திவிட்டார்.

போகும்போது என் கொட்டகை வாசலில் நின்றாள். ஏதாவது பழி பேசுவாள் என்று தயாராக இருந்தேன். "என் நம்பர் உங்ககிட்ட இருக்கில்ல சார்? எப்பவாவது தேவைப்பட்டா கூப்பிடுங்க" என்றாள். இதில் என்ன உள்நோக்கம் என்று இதுவரை பிடிபடவில்லை.

சரோஜினியிடம் சொன்னேன். "சின்னப் புள்ள பொழப்புல மண்ணப் போட்டுப்போட்டு வந்துட்டீங்களாக்கு" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

நவம்பர் 7, வெள்ளி

நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 12, புதன்

புதிய தொகுதி. இந்த முறை யாரையும் நம்பவில்லை. அச்சிலிருந்து உலைக்கு, உலையிலிருந்து தோட்டாவாக அடைக்கும் கொட்டகைக்கு, அங்கிருந்து பெட்டிக்கு, கண்கொத்திப் பாம்பாகக் கூடவே நடந்தேன். ரத்தினத்தைக்கூடத் தட்டைத் தொடவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். மனிதர் கொஞ்சம் முறைத்தார். பரவாயில்லை.

சாமித் தட்டிலிருந்து பத்து சுட்டேன். அருமையான மாவு. கையெழுத்து. எட்டுப் பெட்டி பயிற்சிப் பள்ளிக்குப் போனது. மீதியை எங்கள் கிடங்கில் வைத்துப் பூட்டிச் சாவியை நானே எடுத்து வந்தேன். இனி ஒரு சில்லு வரட்டும் பார்க்கலாம்.

நவம்பர் 15, சனி

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி வைக்க வேண்டும்.

முதலாளி குடும்பத்தோடு பழனிக்குப் போயிருக்கிறார். போகும்முன், வேறொரு மாநிலத்து அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும், பத்துக் குண்டு சுடுவதைப் படம் பிடித்து வையுங்கள் என்று சொல்லியிருந்தார். சாமித் தட்டுக் குண்டுகள் தீர்ந்துவிட்டன. சரி, நான் காவல் காத்த சரக்குதானே என்று கிடங்கில் ஒரு பெட்டியைப் பிரித்தேன்.

முதல் குண்டிலேயே அட்டை கிழிந்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அப்படியே. ஒரு சில்லு என் தடுப்புக் கண்ணாடியில் வந்து "டிக்" என்று பட்டது. சல்லடையைப் பார்த்தால் மாவே இல்லை, நறுக்கிய கம்பி மாதிரித் துண்டுகள்.

அவள் வேலை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் போய் ஒன்பது நாள் ஆகிறது. இந்தத் தொகுதிக்குத் தூள் கொட்டியதிலிருந்து பூட்டுப் போட்டதுவரை கூட இருந்தவன் நான் ஒருவன்தான். சந்தேகப்பட வேறு ஆள் இல்லை.

ரத்தினத்தைக் கூப்பிட்டு எந்தப் பெட்டி எந்தத் தட்டு என்று கேட்டேன். அவள் சாக்பீஸ் போட்டதிலிருந்து, அழிக்கச் சொல்லி யாரும் சொல்லாததால், அவர் பெட்டியிலும் அந்த எண்ணையே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு எண்ணிலும் எடுத்துச் சுட்டேன். கதவோரத் தட்டுக்கு அடுத்தது மாவு. நடுவில் ரவை. உள்ளே போகப் போகத் துண்டு. கடைசித் தட்டுக் குண்டு இரண்டாக உடைந்து, பாதி அப்படியே திரும்பி வந்தது.

பழைய உலை சின்னது, எங்கே வைத்தாலும் ஒரே சூடு. இது நீளம். கதவோரம் பதமாக வேகும், உள்கோடியில் தீய்ந்து இறுகும். விஜயதசமியிலிருந்து நான் சுட்டதெல்லாம் கதவோரம் உட்கார்ந்த ஒரே தட்டு. அதிலும் பொறுக்கி எடுத்து அடுக்கியது. மற்றத் தட்டு எதையும் நான் சுட்டதே இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

முதலாளிக்கு இதைப் போனில் சொல்வது முறையில்லை. கோயிலில் இருப்பவர் மனதைக் கலைக்கக் கூடாது. திங்கட்கிழமை நேரில் சொல்வதுதான் மரியாதை. பள்ளி இன்ஸ்பெக்டர் நம்பர் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆனால் முதலாளிக்குத் தெரியாமல் வாடிக்கையாளரிடம் நான் எப்படிப் பேசுவது? நாளை ஞாயிறு, அங்கே பயிற்சி இருக்காது.

நவம்பர் 16, ஞாயிறு

முடி வெட்டிக்கொண்டேன். ஆட்டுக்கறி அரைக் கிலோ. சாப்பிடப் பிடிக்கவில்லை.

"ஏனுங்க, ஒரு மாதிரியா இருக்கறீங்க? போனைக் கையில எடுக்கறதும் வெக்கறதுமா இருக்கீங்களே, ஆருக்குப் பேசோணும்?" என்று சரோஜினி கேட்டாள்.

சார்ஜ் இல்லை என்று சொன்னேன். கொஞ்சம் இருந்தது. அந்த இன்ஸ்பெக்டர் ஞாயிற்றுக்கிழமை எடுக்கமாட்டார்.

நாளை போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். முதலாளியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

ஒன்பது மணிக்குக் கம்பெனிக்குப் போனேன். முதலாளி எனக்கு முன்பே வந்து, கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும்முன் அவர் சொல்லிவிட்டார்.

காலைப் பயிற்சியில் ஒரு பெண்ணுக்கு அடிபட்டுவிட்டது. காளீஸ்வரி, தர்மபுரிப் பக்கம், இருபத்துமூன்று வயது. சில்லு பாதுகாப்புக் கண்ணாடிக்குக் கீழ் இடுக்கில் புகுந்து இடது கண்ணில் பாய்ந்துவிட்டதாம். ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாள். கண் பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள்.



"மொதலாளி, அந்த உலை..." என்று ஆரம்பித்தேன்.

"உலையப் பத்திப் பேச்சே எடுக்காதீங்க. மூணு மாசம் முன்னால கடன்ல வாங்குனது. உலைதான் குத்தம்னா கம்பெனி காலி." கதவைச் சாத்தினார். "சுபேதாரய்யா, அந்தப் புள்ள எதையோ கலந்துட்டுப் போயிருக்குன்னு நீங்கதான் அப்பவே சொன்னீங்க. கைப்பிடி குண்டு எடுத்தத அதுவே ஒத்துக்கிச்சு. ரத்தினம் சாட்சி. நாளைக்கு போலீஸ்ல கேப்பாங்க. நீங்க எங்கிட்ட சொன்னத அப்படியே எழுதிக் குடுத்துப்போடுங்க, போதும். பட்டாளத்துக்காரர் எழுதுனா நம்புவாங்க."

"அந்தப் புள்ள போனதுக்கப்புறம் செஞ்ச சரக்குங்க இது."

"தேதி எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க எழுதுங்க."

வெள்ளைத்தாளும் பேனாவும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். யோசிக்கவே தேவையில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. ஒரு மாதமாக நான் மனதில் ஓட்டிப் பார்த்த வாக்கியங்கள்தான் எல்லாம். பேனாவை எடுத்தால் தானாக வரும். எழுதினால் அவள் ஜெயிலுக்குப் போவாள். கம்பெனி பிழைக்கும். என் கையெழுத்துக்கும் மாசு வராது.

நாளை காலை தருகிறேன் என்று தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். கிளம்பும்முன் பள்ளி இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன். எட்டுப் பெட்டியையும் தொடவேண்டாம் என்றேன். முதல் மணியிலேயே எடுத்தார். "ஞாயித்துக்கிழமைகூட ஆபீஸ்லதான் சார் இருந்தேன்" என்றார். நான் கேட்காமலேயே சொன்னார்.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் மிருதுளாவைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். முதலாளி எழுதச் சொன்னதையும் சொன்னேன்.

"இப்ப என்ன எழுதப் போறீங்க சார்?"

"நீயே சொல்லு, அம்மிணி. நீ சொல்றத அப்படியே எழுதறேன்."

"வேண்டாம் சார். நான் சொன்னா அதுலயும் உங்களுக்குச் சந்தேகம் வரும். நீங்களே எழுதுங்க."

வைத்துவிட்டாள்.

சரோஜினி காபி கொண்டுவந்து வைத்தாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. முதலாளியிடம் கொண்டுபோகவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். ரத்தினத்திடம் கிடங்குச் சாவியைக் கொடுத்து, ஒவ்வொரு எண்ணிலும் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு அங்கே வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் தயங்கினார், பிறகு சரி என்றார்.

எழுதியதில் சில வரிகளை இங்கேயும் குறித்து வைக்கிறேன். "உள்தட்டுக் குண்டு பொடியாகாது என்று சனிக்கிழமையே எனக்குத் தெரியும். சோதனைக்கு எல்லாக் குண்டையும் ஒரே தட்டிலிருந்து நான்தான் எடுத்தேன். வேறு யாரும் தொடவில்லை."